மும்முனை வந்தது, டேட்டா வரவில்லை

மேட்டூர் திறப்புக்கு ஜூன் 12 வரை காத்திராமல், ஃபில்டர் பாயிண்ட் (ஆழம் குறைந்த குழாய்க் கிணறு) தண்ணீரை நம்பிக் குறுவைக்கு நாற்று விட்டவர்கள் எங்கள் பக்கம் நிறைய. நீடாமங்கலத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் வீடும் அதில் சேர்த்தி. நாற்றங்கால் காயாமல் இருக்க மோட்டார் ஓட வேண்டும். மோட்டார் ஓட மும்முனை கரண்ட் வர வேண்டும். அது எப்போது வரும், எப்போது போகும் என்பதை வைத்துத்தான் அப்பாவின் தூக்கம். தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் பென்சிலால் நேரம் குறித்துக்கொண்டே இருப்பார்.

போன தை மாதம் அந்த வேலையைப் பொழுதுபோக்காக நான் எடுத்துக்கொண்டேன். மோட்டார் கொட்டகையில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்று. மூன்று பேஸுக்கும் ஆளுக்கொரு பழைய போன் சார்ஜர். சார்ஜரிலிருந்து வரும் 5 வோல்ட், மின்தொடர்பு இல்லாமல் ஒளி மூலம் சிக்னல் கடத்தும் ஆப்டோகப்ளர் வழியாக போர்டுக்குப் போகும். மூன்றும் உயிரோடு இருந்தால் மும்முனை. 230 வோல்ட் பக்கத்து வயரிங் முழுக்க ஊர் எலக்ட்ரீஷியன் அண்ணன் செய்தது, அதில் நான் கை வைக்கவில்லை. போர்டில் ஒரு சின்ன பைதான் ஸ்கிரிப்ட், நிமிடத்துக்கு ஒரு வரியை வைஃபை வழியாக வீட்டு மாடியில் இருக்கும் பழைய லேப்டாப்புக்கு அனுப்பும். லேப்டாப்பில் டெபியன் லினக்ஸ், அந்த வரிகளைச் சேர்த்து வைக்க மரியாடிபி என்ற டேட்டாபேஸ். அதன் ஸ்கிரீன் உடைந்து நாளாயிற்று. பேட்டரி அதற்கும் முன்பே செத்துவிட்டது. நான்கு மாதம் நன்றாகத்தான் ஓடியது.

செவ்வாய் இரவு காற்றோடு மழை. போன கரண்ட் விடியற்காலையில்தான் வந்தது. புதன் காலையில் அப்பா போனை நீட்டினார்.

"என்ன தம்பி, உன் கணக்குப்புள்ள இன்னைக்கு லீவா?"

கரண்ட் நேரத்தைக் காட்டும் வெப் பக்கமே திறக்கவில்லை. கொட்டகையில் போர்டு உயிரோடுதான் இருந்தது. நடப்பதைக் குறித்து வைக்கும் அதன் லாகில் ஒரே வரி திரும்பத் திரும்ப: எரர் 2003, சர்வரோடு இணைய முடியவில்லை. சென்னையில் இருக்கும் மச்சானுக்கு போன் போட்டேன். கேட்ட மாத்திரத்தில், "ஃபயர்வால்தான்டா மாப்ள, ஆஃப் பண்ணிப் பாரு" என்றான். லேப்டாப்புக்கு ஸ்கிரீன் வேண்டுமே. ஹாலில் இருந்த டிவியைக் கழற்றி மாடிக்குத் தூக்கிப் போனேன். அம்மாவின் சீரியல் நேரம் அது என்பது போகிற வழியிலேயே தெரிவிக்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலான யூஎஃப்டபிள்யூவை நிறுத்தினேன். அதே 2003. திரும்பப் போட்டேன். அதே 2003. போர்டை ரீஸ்டார்ட் செய்தேன், பாஸ்வேர்டைச் சரிபார்த்தேன், ஸ்கிரிப்டில் சம்பந்தமே இல்லாத இரண்டு வரிகளை மாற்றிவிட்டு மறுபடி பழையபடி ஆக்கினேன். புதன்கிழமை அப்படியே போயிற்று.

வியாழன் மாலை நான் கொட்டகைக்கும் மாடிக்கும் நடையாய் நடப்பதைப் பார்த்த அப்பா, "தண்ணி வரலைன்னா தலைப்புலேருந்து கரையோட நடந்து வந்து பாக்கணும். மடையிலயே நின்னுக்கிட்டு மண்வெட்டி போட்டா என்ன வரும்?" என்றார். அவர் வாய்க்காலைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

சரி என்று உட்கார்ந்து, லாகில் அந்த வரியை முதல்முறையாகக் கடைசி வரை படித்தேன். 2003 என்பது தலைப்பு மட்டும்தான். 'சேர முடியவில்லை' என்பதைத் தாண்டி அது எதுவும் சொல்லாது. ஏன் சேரவில்லை என்பது அதே வரியின் வாலில், அடைப்புக்குறிக்குள் இருக்கிறது: எர்னோ (பிழை எண்) 113. அந்த முகவரிக்கு வழியே இல்லை என்று பொருள். டிவியில் லேப்டாப்பின் ஐபி முகவரியைப் பார்த்தால் 192.168.1.14. ஸ்கிரிப்டில் இருப்பதோ 192.168.1.10. கரண்ட் போய் வந்ததில் ரவுட்டர் எல்லாருக்கும் புது நம்பர் கொடுத்திருக்கிறது. 10-ல் யாருமே குடியிருக்கவில்லை. ரவுட்டர் செட்டிங்கில் லேப்டாப்பின் மேக் அட்ரஸுக்கு (அதன் நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) 14-ஐ நிரந்தரமாக ஒதுக்கிவிட்டு, ஸ்கிரிப்டையும் மாற்றினேன்.

மறுபடி 2003. முந்தைய நாளாக இருந்தால் 'ஒன்றும் மாறவில்லை' என்று தலையில் கை வைத்திருப்பேன். வாலைப் பார்த்தேன்: இப்போது 111.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் எனக்கு விஷயமே புரிந்தது. 113 என்றால் அந்த முகவரியில் வீடே இல்லை. 111 என்றால் வீடு இருக்கிறது, கதவைத் தட்டியாயிற்று, 'இந்தக் கதவுக்கு ஆள் இல்லை' என்று உள்ளேயிருந்து உடனே பதிலும் வந்துவிட்டது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே அந்தப் பதிலைச் சொல்லும். மூன்றாவதாக ஒன்று உண்டு, டைம் அவுட்: தட்டுகிறோம், தட்டிக்கொண்டே இருக்கிறோம், சத்தமே இல்லை. யூஎஃப்டபிள்யூ போட்டிருக்கும் சாதாரணத் தடை பாக்கெட்டை வாய் திறக்காமல் விழுங்கிவிடும் ரகம், அதனால் ஃபயர்வால் தடுத்திருந்தால் பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான் வந்திருக்கும். எனக்கு வந்ததோ நொடியில் திரும்பிய மறுப்பு. புதன்கிழமை இது தெரிந்திருந்தால் டிவி ஹாலிலேயே இருந்திருக்கும். மச்சானிடம் சொன்னேன். "அட ஆமால்ல" என்றான், அவ்வளவுதான்.

மரியாடிபி காத்திருக்கும் கதவின் எண்தான் போர்ட் 3306. அதில் ஆள் இல்லையென்றால் மரியாடிபி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். எது ஓடுகிறது, எது நின்றது என்று சொல்லும் சிஸ்டம்சிடிஎல்லில் ஸ்டேட்டஸ் கேட்டால் சிவப்பில் 'ஃபெயில்ட்'. ஜர்னல் லாகில் கொஞ்சம் மேலே போனால் 'டிஸ்கில் இடமில்லை' என்ற வரி. டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளை 100 சதவீதம் என்றது. யோசித்தேன். திங்கட்கிழமை தங்கை கல்யாண வீடியோவைப் பத்திரமாக இருக்கட்டும் என்று இந்த லேப்டாப்பில் ஏற்றியவன் நான்தான். சாம்பா என்கிற ஃபைல் பகிரும் மென்பொருள் வழியாக, 38 ஜிபி. (நெல் பெயருக்குப் பக்கத்தில் வருகிறதே என்பதற்காகவே ஆசைப்பட்டு நிறுவியது.) ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் டேட்டாபேஸ் எப்படியோ சமாளித்திருக்கிறது. கரண்ட் போய் மறுபடி எழும்பும்போது தனக்கு வேண்டிய தற்காலிக ஃபைலை உருவாக்கக்கூட இடமில்லாமல் படுத்துவிட்டது. முகூர்த்தம், ரிசப்ஷன் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்குக்கு மாற்றினேன். மரியாடிபி எழுந்து உட்கார்ந்தது.

இந்த இடத்தில் ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். நானோ, டிஸ்கில் இடம் கிடைத்த தெம்பில், பல மாதமாகத் தள்ளிப்போட்டிருந்த டெபியன் 11-லிருந்து 12-க்கு மாறும் வேலையை இரவு பத்து மணிக்கு ஆரம்பித்தேன். நடுவில் ஒரு கேள்வி வந்தது: இந்த செட்டிங் ஃபைலை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், புதிதாக வருவதைப் போடவா, உங்களுடையதை வைத்துக்கொள்ளவா? சும்மா என்டர் தட்டியிருந்தால் என்னுடையது தப்பித்திருக்கும். தூக்கக் கலக்கத்தில் ஒய் அழுத்தினேன்.

வெள்ளிக்கிழமை காலை: 2003, வாலில் 111. மரியாடிபியோ பச்சையில் 'ஆக்டிவ்' என்கிறது. லேப்டாப்பிலேயே உட்கார்ந்து லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் ஜம்மென்று உள்ளே விடுகிறது. இதுதான் என்னை அதிக நேரம் சுற்ற வைத்தது. லோக்கல்ஹோஸ்ட் என்று சொன்னால் மரியாடிபியின் கிளையன்ட் நெட்வொர்க் பக்கமே போவதில்லை. அதே மெஷினில் இருக்கும் சாக்கெட் ஃபைல் வழியாகக் கொல்லைப்புறமாக நுழைந்துவிடும். கொல்லைக் கதவு திறந்திருக்கிறது என்பதால் வாசல் கதவும் திறந்திருக்கும் என்று நான் எடுத்துக்கொண்டேன். 192.168.1.14 என்று முகவரி கொடுத்து லேப்டாப்பிலிருந்தே முயன்றபோது அங்கேயும் 111. அப்போ பழி போர்டின் மேலும் இல்லை, வைஃபை மேலும் இல்லை.

எஸ்எஸ் என்ற இரண்டெழுத்துக் கட்டளை, எந்த முகவரியில் எந்த போர்ட் காது கொடுத்துக் கேட்கிறது என்று காட்டும். அதில் 127.0.0.1:3306 என்று இருந்தது. அதாவது தன் வீட்டுக்குள் பேசுகிற குரல் மட்டும்தான் அதன் காதில் விழும். டெபியனில் மரியாடிபி வரும்போதே அப்படித்தான் வரும், அது பாதுகாப்புக்காக. தை மாதம் நான் மாற்றி வைத்திருந்ததை நேற்றிரவு அழுத்திய ஒய் அழித்துவிட்டது. நல்லவேளை, பழைய ஃபைலைத் தூக்கிப் போடாமல், பெயருக்குப் பின்னால் 'டிபிகேஜி-ஓல்ட்' என்று வால் ஒட்டிப் பக்கத்திலேயே வைத்திருந்தது. அதைப் பார்த்து, எந்த முகவரியில் கேட்பது என்று சொல்லும் பைண்ட்-அட்ரஸ் வரியை 0.0.0.0 (எல்லா முகவரியிலும்) ஆக்கி ரீஸ்டார்ட் செய்தேன். வெளி இணையத்திலிருந்து இந்த போர்ட்டுக்கு ரவுட்டரில் வழி விடவில்லை, அதனால்தான் இப்படித் திறந்து வைக்கத் துணிந்தேன்.

இப்போது 2003 போய் 1130 வந்தது. 'இந்த முகவரியிலிருந்து வருபவருக்கு அனுமதியில்லை.' நான் எழுந்து கை தட்டியதைப் பார்த்து அம்மா, சரியாகிவிட்டது என்று நினைத்து டிவியைக் கேட்டார். சரியாகவில்லை, ஆனால் முதல்முறையாக டேட்டாபேஸே வாய் திறந்து பேசியிருக்கிறது. மரியாடிபியில் பயனர் என்பது பெயர் மட்டுமில்லை, பெயரும் எங்கிருந்து வருகிறார் என்பதும் சேர்ந்தது. தையில் போர்டின் முகவரி 22. அதை அப்படியே பயனரோடு ஒட்டி எழுதியிருந்தேன். ரவுட்டர் இப்போது அதற்கு 23 கொடுத்திருக்கிறது. ரீநேம் யூசர் கட்டளையால் 192.168.1.% (கடைசி எண் எதுவானாலும் சரி) என்று மாற்றியதும், அனுமதிகள் குலையாமல் வேலை முடிந்தது. காலை 11.20-க்கு முதல் வரி விழுந்தது.

அன்று சாயங்காலமே ஸ்கிரிப்டையும் கொஞ்சம் மாற்றினேன். சர்வர் கிடைக்காவிட்டால் வரிகளைப் போர்டிலேயே எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ் ஃபைலில் சேர்த்து வைத்து, கிடைத்ததும் அனுப்பும். பழைய ஸ்கிரிப்ட் முயன்று பார்த்துவிட்டு விட்டுவிடும், அதனால் செவ்வாய் இரவு முதல் வெள்ளி காலை வரை டேபிளில் ஓட்டை.

இரவு சாப்பிடும்போது அதைச் சொன்னேன். அப்பா எழுந்து போய்ச் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காலண்டர் தாள்களைக் கொண்டுவந்து வைத்தார். புதன் காலையிலிருந்தே குறித்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. ஏழு பதிவுகள். மடிக்கணினியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றினேன், எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் 'அப்பா' என்று போட்டு. வியாழன் இரவுத் தாளில் மட்டும் 'வந்தது 2.10' என்று இருந்தது, அதற்குக் கீழே 'தூங்கிட்டேன்' என்று எழுதியிருந்தார். அந்த வரியில் கரண்ட் போன நேரத்துக்கான கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.