எண்ணூர் கழிமுகமும் ஐந்தரை மணி நேரமும்

எண்ணூர் கழிமுகத்துத் தண்ணீரைக் கண்காணிக்கும் ஒரு திட்டத்தில் தரவுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சாம்பிள் எடுப்பவர்கள், லேபில் சோதிப்பவர்கள், கணினியில் மாடல் ஓட்டும் பொறியாளர்கள் என்று ஆளுக்கொரு மூலையில் இருக்கும் கூட்டம். எல்லாருக்கும் பொதுவாக ஒரு சர்வர். எந்தக் கோப்பில் யார், எப்போது கை வைத்தார்கள் என்பதுவரை காட்டிக்கொடுத்துவிடும்.

ஒருமுறை உப்புக் கணக்கு இடித்தது. கடல் ஏறும்போது கழிமுகத்தில் உப்பு கூட வேண்டும், எங்கள் கிராஃபில் குறைந்தது. பொறியாளர்கள் லேபைச் சொன்னார்கள், லேப் சென்சாரைச் சொன்னது. பக்கிங்காம் கால்வாய்த் தண்ணீர் வந்து கலப்பதுதான் காரணம் என்று ஒரு விளக்கம்கூடத் தயாராகிவிட்டது!

படகு ஓட்டும் அண்ணனிடம் போனில் அந்த கிராஃபைக் காட்டினேன். "இன்னா தம்பி, பத்து மணிக்கு உப்பு ஏறிக்கிதுன்னு போட்டுக்கிற? அந்நேரம் வத்தம்பா. சேத்துல மாட்டி படகத் தள்ளிக்கினு இருந்தோமே. மூணு, மூணரைக்குத்தான் தண்ணி ஏறுச்சு."

பத்துக்கும் மூன்றரைக்கும் நடுவே ஐந்தரை மணி நேரம். சென்சார் கடிகாரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தில் ஓடியிருக்கிறது, கடல் ஏறி வற்றும் ஓதக் கணக்கு இந்திய நேரத்தில். இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைவெளியே ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். அதனால் கிராஃப் ஏறக்குறைய தலைகீழாகிவிட்டது.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 1999இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயில் தொலைந்தது இப்படித்தான். ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டு கணக்கில் எண்ணைக் கொடுத்தது, வாங்கிய குழு அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது.

எங்கள் சர்வரில் எண்கள் மட்டும் இருந்தன, பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில் கிடந்தது. படகு சேற்றில் மாட்டிய கதையும் அங்கேதான், குட்மார்னிங் படங்களுக்கு நடுவில். 1990களிலேயே மிச்சிகன் பல்கலைக்கழகம், கிரீன்லாந்து ரேடார் தரவை விஞ்ஞானிகள் அவரவர் ஊரிலிருந்தே பார்க்க ஓர் அமைப்பு செய்தது. அதில் தரவோடு சேர்ந்தே அரட்டைக்கும் இடம் வைத்தார்கள். விவரமானவர்கள்.

சரி, நாங்களும் மாற்றினோம். எந்த நேரக் கணக்கு என்று குறிக்காமல் இனி கோப்பு ஏறாது. ஒவ்வொரு அளவீட்டின் பக்கத்திலும் குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. அண்ணனுக்கும் ஒரு லாகின் கேட்டேன். ஆள் கணக்குக்குக் கட்டணமாம், அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்றார்கள். பிஎச்.டி. முடித்தும் சர்வர் பக்கமே வராத சிலருக்கு லாகின் இருக்கிறது, அது வேறு விஷயம். இப்போதைக்கு அவர் வாய்ஸ் மெசேஜ் போடுகிறார், நான் டைப் அடித்து ஏற்றுகிறேன்.