சாணம் கரைத்த பிறகு குட்டைக்குள் நடப்பது

ஆனேக்கல், ஹொசகோட்டை பக்கம் கிருஷி ஹொண்டாவில் (பண்ணைக் குட்டையில்) கட்லா, ரோகு மீன் விடும் நம் ஆட்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "ஏக்கருக்கு எத்தனை கிலோ சாணம் போடணும்?" என்றுதான். அதற்கு முன் பார்க்க வேண்டியது குட்டையின் அடி. அங்கே இருப்பது மண்ணா, பிளாஸ்டிக் ஷீட்டா?

சாணத்தை முதலில் தின்பது பாக்டீரியா. கரைத்த இரண்டு மூன்று நாளில் தண்ணீரில் அதன் எண்ணிக்கை மளமளவென்று ஏறும். பாக்டீரியாவை ஒற்றைச்செல் உயிர்கள் தின்னும், அவற்றை மிதவை உயிரிகள் தின்னும், மிதவை உயிரிகள் கட்லாவுக்கு இரை. சாணம் சிதையும்போது வெளிப்படும் நைட்ரஜனிலும் பாஸ்பரஸிலும் பச்சைப் பாசி வளரும். இத்தனை வேலைக்கும் பாக்டீரியா எடுத்துக்கொள்வது மீன் மூச்சுவிடும் அதே ஆக்ஸிஜனைத்தான். மூட்டை மூட்டையாக ஒரே நாளில் கொட்டினால் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து நிற்பது இதனால்தான்.

சேற்றின் கதை வேறு. ஒரு கிராம் சேற்றில் இருக்கும் பாக்டீரியா, ஒரு மில்லி தண்ணீரில் இருப்பதைவிடப் பல நூறு மடங்கு. ஒன்றரை அங்குல பிவிசி குழாயைச் சேற்றில் அழுத்தி, மேல்வாயை உள்ளங்கையால் அடைத்து மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். மேலே சில மில்லிமீட்டருக்குப் பழுப்பு, அதன் கீழே கறுப்பு. பழுப்பு வரைதான் ஆக்ஸிஜன் இறங்கும். அங்கே இருக்கும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும். கறுப்பில் ஆக்ஸிஜனே இல்லாமல் வாழும் வகைகள் நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியேற்றும், சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக்கும். கறுப்பு மேலே வந்து பழுப்பு மறைந்துவிட்டால், அழுகிய முட்டை வாடை அடித்தால், எருவை அன்றே நிறுத்திவிடுங்கள். அடியில் மேயும் மிர்கால் மீனுக்குத்தான் முதல் ஆபத்து.

ஷீட் போட்ட குட்டையில் இந்தச் சேறு இல்லை. மிச்ச எருவை வாங்கி வைத்துக்கொள்ள ஆளில்லை, அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவுக்கு ஒட்டி வாழ ஷீட்டின் வழவழப்பைத் தவிர இடமில்லை. அவை மெதுவாகப் பெருகுகிறவை, முதல் சில வாரம் கணிசமாக இருக்காது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற அவற்றுக்கு சுமார் 4.6 கிராம் ஆக்ஸிஜனும் வேண்டும். அதற்குள் யூரியாவும் கோழி எருவும் சேர்ந்து விழுந்தால் அம்மோனியா தேங்கிவிடும். 25 டிகிரி வெப்பத்தில், பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) 7 இருக்கும்போது அதில் நஞ்சான பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. பிஎச் 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பச்சை ஏறிய குட்டையில் மத்தியானம் பிஎச் 9 சாதாரணம், அதனால் பிஎச் பார்க்கிறவர்கள் காலையோடு மத்தியானமும் பாருங்கள்.

இப்போது அளவு. மண் குட்டைக்கு வழக்கமான கணக்கு, ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 10 டன் மாட்டுச்சாணம். ஐந்தில் ஒரு பங்கை குஞ்சு விடுவதற்கு 15 நாள் முன்பு போட்டு, மீதியைப் பிரித்துப் போடுவது. 21க்கு 21 மீட்டர் ஹொண்டாவுக்கு முதலில் 88 கிலோ, பிறகு வாரம் 7 கிலோ வரும். ஷீட் குட்டையென்றால் இதில் பாதியில் தொடங்குங்கள் என்பேன். அதையும் சாக்கில் கட்டி மூலையில் குச்சியில் தொங்கவிடுங்கள். தண்ணீரின் நிறம் கறுத்தால் சாக்கைத் தூக்கிவிடலாம், கரைத்துவிட்ட சாணத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

சூப்பர் பாஸ்பேட்டை குருணையாக வீசாதீர்கள். அடியில் போய் விழுந்தால் மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரவே ஊறவைத்து, காலையில் கரைத்து, தெளிவை ஊற்றுங்கள். சுண்ணாம்போடு சேர்த்துப் போட்டாலும் பாஸ்பரஸ் முடங்கும், யூரியாவிலிருந்து வரும் அம்மோனியாவின் நஞ்சும் ஏறும். இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம் விடுங்கள். நம் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர், பிஎச் பார்க்காமல் பழக்கத்துக்காகச் சுண்ணாம்பு போட வேண்டியதில்லை.

முழங்கை வரை கையை விட்டால் உள்ளங்கை மங்கலாகத் தெரிய வேண்டும். அதற்கு முன்பே மறைந்தால் அந்த வாரம் எரு வேண்டாம். மேகமூட்டமான நாளிலும் வேண்டாம், பாசி தரும் ஆக்ஸிஜன் குறைந்துவிடும், பாக்டீரியா மட்டும் எடுத்துக்கொண்டே இருக்கும். டிசம்பர், ஜனவரியில் தண்ணீர் குளிர்ந்து பாக்டீரியா மந்தமாகிவிடும். போட்டது சிதையாமல் அடியில் சேர்ந்து, மார்ச் வெயிலில் மொத்தமாகச் சிதையத் தொடங்கும், ஆகவே குளிரில் பாதி போதும். சாக்கடை கலக்கும் ஏரித் தண்ணீரோ, சுத்திகரித்த கழிவுநீரோ நிரப்புகிறவர்களுக்கு எருவே தேவையில்லை, வேண்டிய நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதிலேயே வந்துவிடுகிறது.

மீன் பிடிப்பதற்கு இரண்டு வாரம் முன்பே சாணத்தை நிறுத்திவிடுங்கள். சாணத்தோடு வரும் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா தண்ணீரில் வெயில் பட்டுச் சாகும், சேற்றில் அதைவிட நெடுநாள் கிடக்கும். வலை இழுக்கும்போது அந்தச் சேறு கலங்கி மீனின் செவுளில் ஒட்டும். கரையேற்றியதும் நல்ல தண்ணீரில் கழுவி, குடலையும் செவுளையும் அங்கேயே எடுத்துவிட்டு ஐஸில் வையுங்கள்.