அரசாணைக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை

அரசு ஊழியரின் சம்பளம், விடுப்பு, பதவி உயர்வு, ஓய்வூதியம் பற்றிய முடிவுகளில் பெரும்பாலானவை சட்ட முன்வடிவாகச் சட்டமன்றத்துக்கு வருவதே இல்லை. பணி நிலைமைகளைச் சட்டமன்றம் சட்டமாக இயற்றலாம் என்கிறது அரசியலமைப்பின் 309-ஆவது பிரிவு. அப்படி ஒரு சட்டம் வரும்வரை ஆளுநர் பெயரில் விதிகள் வகுத்துக்கொள்ளலாம் என்று அதிலேயே ஒரு காப்புரையும் இருக்கிறது. தமிழ்நாட்டில் நிர்வாகம் பெரும்பாலும் இந்தக் காப்புரையில்தான் ஓடுகிறது. 1.4.2003 அன்றோ அதற்குப் பிறகோ பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்ற முடிவு, 6.8.2003 தேதியிட்ட நிதித்துறை அரசாணை 259-ல் வந்தது. ஓய்வு வயது 58-லிருந்து 59 ஆனதும் 2020 மே மாதத்தில் வெளியான ஓர் அரசாணையால்தான். சட்ட முன்வடிவு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கும் அரசு ஊழியர் சங்கம் எப்போதும் தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

ஆகவே கோப்பு எங்கே பிறக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தலைமைச் செயலகத்தில் ஒரு பிரிவில் உதவிப் பிரிவு அலுவலர் குறிப்பு எழுதுகிறார். அது பிரிவு அலுவலர், சார்புச் செயலர், துணைச் செயலர் வழியாகச் செயலருக்குப் போகிறது. செலவு இருந்தால் நிதித்துறையின் இசைவு, விதித் திருத்தம் என்றால் மனிதவள மேலாண்மைத் துறை, வாசகத்துக்குச் சட்டத்துறை. அமைச்சரைச் சந்தித்து மனு கொடுப்பது அவசியம்தான். ஆனால் அந்த மனு மேலொப்பத்தோடு இறங்கி வந்து சேர்வது அதே பிரிவுக்குத்தான். அங்கே குறிப்பு எழுதுபவரின் மேசையில் பயன்படும்படி மனு இல்லையென்றால், 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரு வரிப் பதிலோடு முடிந்துவிடும். பத்துக் கோரிக்கைகளை ஒரே தாளில் அடுக்கிக் கொடுப்பது சங்கங்கள் இன்றும் விடாத பழக்கம். பத்தும் பத்துத் துறைகளுக்குரியவை. ஒரு துறையும் முழுப் பொறுப்பு எடுத்துக்கொள்ளாது. ஒரு கோரிக்கைக்கு ஒரு மனு, ஒவ்வொன்றின் நகலும் நிதித்துறைக்குத் தனியாக. இது மிக எளிய விஷயம், மிக அதிகமாக மீறப்படுவதும் இதுதான்.

வேலைக்கு ஆகும் மனு எப்படியிருக்கும் என்றால், நான்கு பத்திகள் கொண்ட அட்டவணை. முதல் பத்தியில் இப்போதுள்ள விதியின் வாசகம், விதி எண்ணோடு, ஒரு சொல்லும் மாறாமல். இரண்டாவதில் நாம் கேட்கும் வாசகம், அரசாணையில் அப்படியே எடுத்து வைக்கும்படி. மூன்றாவதில் காரணம், மூன்று வரிக்கு மேல் போகாமல். நான்காவதில் செலவு. பலர் நான்காவது பத்தியைக் காலியாக விடுகிறார்கள், செலவு அரசின் கவலை என்று எண்ணி. நாம் விட்ட இடத்தை நிதித்துறை நிரப்பும். அங்கே வரும் தொகை எப்போதும் உச்ச மதிப்பீடாகத்தான் இருக்கும்.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. ஈட்டிய விடுப்பை எடுக்காமல் ஒப்படைத்துப் பணமாகப் பெறும் சரணை எடுத்துக்கொள்வோம். 15 நாள் சரண் என்றால் அரை மாதச் சம்பளம். அடிப்படை ஊதியம் 40,000 ரூபாய், அகவிலைப்படி 50 சதவீதம் என்று வைத்தால் மாதம் 60,000, சரண் தொகை 30,000. ஒரு லட்சம் பேர் என்றால் 300 கோடி. ஆனால் எல்லோரும் ஒரே ஆண்டில் சரண் செய்வதில்லை. காலிப் பணியிடங்களுக்குச் செலவு இல்லை. புதிதாகச் சேர்ந்தவருக்கு விடுப்பு இருப்பே குறைவு. இந்தக் கழிவுகளை நாமே காட்டிவிட்டால் பேச்சு வேறு தளத்தில் தொடங்கும். எண்களை ஊகிக்கக் கூடாது. அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை என்பதைத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பிலிருந்தும் வரவு செலவுத் திட்ட ஆவணங்களிலிருந்தும் எடுக்கலாம். கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 2020-ல் நிறுத்திவைக்கப்பட்ட சரண் விடுப்பு 1.10.2025 முதல் 15 நாள்களுக்கு மீண்டும் கிடைத்தது. அந்த அறிவிப்பு வந்தது சட்டமன்ற விதி 110-ன் கீழ். அந்த விதியில் வரும் அறிக்கை மீது அவையில் விவாதம் கிடையாது. சொல்ல வேண்டியதை எல்லாம் அதற்கு முன்பே சொல்லி முடித்திருக்க வேண்டும்.

வாசகத்தில் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது தேதி. 1.4.2003 என்ற ஒரு தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் அறிவிக்கை வெளியாகி, தேர்வும் முடிந்து, நியமன ஆணை மட்டும் தாமதமானவர் எந்தப் பக்கம்? தொகுப்பூதியத்தில் பல ஆண்டு உழைத்து, அந்தத் தேதிக்குப் பின் முறைப்படுத்தப்பட்டவர் எந்தப் பக்கம்? 'நியமிக்கப்பட்ட' என்று மட்டும் இருந்தால் இருவருமே வெளியே. தாமதம் நிர்வாகத்தினுடையது, இழப்பு ஊழியருடையது. இதைப் போல மனத்தை வருத்துவது வேறில்லை. மத்திய அரசு இதே பிரச்சினைக்கு 3.3.2023 அன்று ஒரு வழி செய்தது: புதிய ஓய்வூதியத் திட்டம் அறிவிக்கப்பட்ட 22.12.2003-க்கு முன் விளம்பரம் செய்யப்பட்ட பணியிடங்களில் பின்னர் சேர்ந்தவர்களுக்குப் பழைய திட்டத்தைத் தேர்ந்தெடுக்க ஒருமுறை வாய்ப்பு. வரைவிலேயே 'அறிவிக்கை வெளியான நாள்' என்று எழுதச் செய்திருந்தால் இருபது ஆண்டு வழக்குகள் தேவைப்பட்டிருக்காது. எந்த வரைவு கைக்கு வந்தாலும் முதலில் தேதியைச் சுற்றி வட்டமிட்டு, அதன் இரு பக்கமும் யார் யார் நிற்கிறார்கள் என்று பெயர்ப்பட்டியல் எடுப்பது நல்லது.

சில நேரம் சட்ட முன்வடிவாகவே வரும். அப்போது அவகாசம் மிகக் குறைவு. அறிமுகமான அதே கூட்டத்தொடரில், பல முன்வடிவுகளோடு சேர்த்து, நிறைவேறிவிடலாம். 12 மணி நேர வேலைக்கு வழிசெய்த தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் 21.4.2023 அன்று நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் சில நாள்களில் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அது தனியார் ஆலைகளைப் பற்றியது என்றாலும் அரசு ஊழியர் சங்கங்களுக்கும் அதில் பாடம் உண்டு. கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே ஒவ்வொரு கட்சியிலும் விஷயம் தெரிந்த சட்டமன்ற உறுப்பினர் ஒருவரிடம் ஒரு பக்கக் குறிப்பு இருக்க வேண்டும். இருபது பக்கம் கொடுத்தால் அவையில் நிற்கும்போது அவருக்கு உதவாது. எந்தப் பிரிவு, எந்த உட்பிரிவு, மாற்று வாசகம், ஒரே ஓர் எடுத்துக்காட்டு, அவ்வளவுதான். முன்வடிவு இல்லாத காலத்தில் விதி 55-ன் கீழ்க் கவன ஈர்ப்பும், துறை மானியக் கோரிக்கை விவாத நாளும் பயன்படும். மானியக் கோரிக்கை ஏப்ரலில் வருகிறது என்று மார்ச்சில் ஓடுவது பயன் தராது. மதிப்பீடுகள் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே துறைகளிலிருந்து போய்விடும்.

இத்தனையும் ஏன் இவ்வளவு பொறுமையாகச் செய்ய வேண்டும் என்று இளைய தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மின்வாரியம், போக்குவரத்துத் தொழிலாளர்களுக்குத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 12(3) ஒப்பந்தம், அதாவது சமரசப் பேச்சில் நிர்வாகத்தோடு செய்யும் ஒப்பந்தம் என்ற வழி இருந்து வந்தது. வருவாய்த் துறை உதவியாளருக்கு அது கிடையாது. அவருக்கு 1973-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், அதில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் விதி 22. 2003 ஜூலையில் அவசரச் சட்டத்தின் துணையோடு, வேலைநிறுத்தம் செய்த சுமார் 1,70,000 பேர் விசாரணையின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன நாளும் 6.8.2003-தான், ஓய்வூதியத்தைப் பறித்த அரசாணையின் தேதி. மன்னிப்புக் கடிதமும் விதி 22-ஐ மதிப்பதாக உறுதிமொழியும் கொடுத்த பிறகே பெரும்பாலோர் திரும்பச் சேர முடிந்தது. போராட்டத்தை விட்டுவிடலாம் என்று இதற்குப் பொருளில்லை. கடும் தண்டனைக்கு வழிசெய்யும் 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும்போது அதைத் தாங்க ஊழியரின் குடும்பம் மட்டுமே மிச்சமிருக்கும் நிலையில் அவரை வீதிக்கு அழைக்கும் சங்கம், அதற்கு முன் காகித வேலையை முடித்திருக்க வேண்டும் என்பதுதான். இன்னொன்று: சொந்தப் பணி விஷயத்துக்கு அரசியல் செல்வாக்கைப் பயன்படுத்த விதிகள் தடை செய்கின்றன. சட்டமன்ற உறுப்பினருக்குப் போகும் கடிதம் எப்போதும் சங்கத்தின் பெயரில், ஒரு பதவி வகை முழுவதையும் பற்றியதாக இருக்கட்டும். தனி ஊழியர் பெயர் அதில் வேண்டாம்.

அரசாணை வந்ததும் வெற்றிக் கூட்டம் போட்டுக் கலைந்துவிடுவது பெரிய ஆபத்து. பொதுப் பணி விதிகளைச் சட்டமாக்கிய 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில், பணிமூப்பை இட ஒதுக்கீட்டுக்கான இனச்சுழற்சி வரிசைப்படி கணக்கிட வகைசெய்த 40-ஆவது பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019-ல் ரத்து செய்தது. தீர்ந்துவிட்டது என்று நினைத்த மூப்புப் பட்டியல்களை மறுபடி எழுத வேண்டி வந்தது. சட்டமானால் நிலைத்துவிடும் என்ற நம்பிக்கையும் முழுமையானதல்ல. சிறிய இடர்கள் இன்னும் அதிகம். எந்தக் கணக்குத் தலைப்பில் செலவு என்று அரசாணையில் இல்லாவிட்டால் கருவூலம் செலவுப் பட்டியலைத் திருப்பி அனுப்பும். சம்பள மென்பொருளில் புதிய படிக்கான பதிவு திறக்கப்படாவிட்டால் ஆணை கையில் இருந்தும் பணம் வராது. உள்ளாட்சி, உதவிபெறும் பள்ளி ஊழியர்களுக்குப் பொருந்துமா என்று தெளிவுரைக் கடிதம் வாங்க வேண்டும். முதல் மாதச் சம்பளப் பட்டியலை மாவட்டத்துக்கு ஒரு அலுவலகமாகப் பார்த்து, நின்றுபோன இடங்களைக் குறித்து, அதே பிரிவுக்கு மறுபடி ஒரு கோரிக்கை, ஒரு மனு.