குழந்தை எத்தனை முறைதான் சொல்லும்?

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற பேச்சு வந்தாலே தண்டனையைக் கூட்டச் சொல்வதுதான் வழக்கம். 2019-இல் அதையும் செய்தாயிற்று. ஊடுருவல் பாலியல் தாக்குதலுக்குக் குறைந்தபட்ச தண்டனை 7 ஆண்டாக இருந்தது 10 ஆனது. குழந்தைக்கு 16 வயது நிரம்பவில்லை என்றால் 20. கொடிய வகைக் குற்றத்துக்குத் தூக்குவரை போகலாம். ஆனால் வழக்கு சரிவது தண்டனைப் பிரிவில் அல்ல, சாட்சியத்தில்.

குழந்தை முதலில் அம்மாவிடமோ டீச்சரிடமோ சொல்கிறது. பிறகு காவல்துறையிடம். பரிசோதிக்கும் மருத்துவர் கேட்கிறார். பிரிவு 25-இன்படி நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் வாக்குமூலம். சில வழக்குகளில் குழந்தைகள் நலக் குழுவும் கேட்கும். எல்லாம் முடிந்து சிறப்பு நீதிமன்றத்தில் முதல் விசாரணை, அதாவது அரசுத் தரப்பு கேட்க நடந்ததைச் சொல்வது, என்று மறுபடி ஆரம்பத்திலிருந்து. அதற்கப்புறம்தான் எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணை. திரும்பத் திரும்பச் சொன்னால் நேரமும் வரிசையும் கொஞ்சம் மாறத்தான் செய்யும், பெரியவர்களுக்கே மாறும். "போலீஸிடம் சாயங்காலம் என்றாய், இங்கே ராத்திரி என்கிறாயே?" என்று எதிர்த்தரப்பு பிடிப்பது அந்த இடைவெளியைத்தான். கேள்விகளை நீதிபதி வழியாகவே கேட்க வேண்டும் என்கிறது பிரிவு 33(2). வழக்கறிஞரே நேராகக் கேட்பதும் நடக்கிறது.

வழக்கைக் கோப்பில் எடுத்த 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும் என்பது பிரிவு 35. ஆனால் வாய்தா தள்ளிப்போகப் போக நினைவு மங்குகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் சொந்தக்காரர் என்றால் வீட்டில் சமாதானப் பேச்சு தொடங்கிவிடும்; குழந்தை முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சியாகிறது.

இதற்கான மருந்து நம் சட்டத்திலேயே பாதி இருக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர் மாற்றுத்திறனாளி என்றால், நடுவரிடம் தந்த வாக்குமூலமே முதல் விசாரணைக்கு ஈடு. நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை மட்டும் போதும். 2013-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164(5ஏ)-வில் நுழைந்த விதி இது. இப்போது அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183(6)-இல் இருக்கிறது. இதே சலுகையை எல்லாக் குழந்தைகளுக்கும் தர போக்சோ பிரிவு 25-இல் ஒரு உட்பிரிவு சேர்த்தால் போதும். குறுக்கு விசாரணை உரிமை அப்படியே நிற்பதால், எதிர்த்தரப்புக்கு வாய்ப்பு பறிபோனது என்ற வாதம் எடுபடாது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். குழந்தை "இங்க தொட்டாரு" என்று கை காட்டியிருக்கும்; தட்டச்சில் அது "தகாத முறையில் நடந்துகொண்டார்" ஆகிவிடும். எங்கே, எப்படி என்பது அதோடு போச்சு, குற்றம் எந்தப் பிரிவில் வரும் என்பதும் குழம்பும். குழந்தை பேசியபடியே எழுதச் சொல்கிறது பிரிவு 26. ஒலி-ஒளிப் பதிவுக்கோ அதே பிரிவு "இயன்றவரை" என்று ஒரு சந்து விட்டிருக்கிறது. வாக்குமூலமே முதல் விசாரணை என்று ஆக்குவதானால் அந்த "இயன்றவரை"யை அடித்துவிட்டு, வீடியோ பதிவைக் கட்டாயமாக்க வேண்டும்.