38 கோடுகள்

டிவிக்குப் பக்கத்தில் ஒரு பழைய நோட்டு கிடந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் பென்சில் கோடுகள். நான்கு நேராக, ஒன்று குறுக்காக, இப்படி ஏழு கட்டு, அப்புறம் தனியாக மூன்று. மொத்தம் 38. 2018-இல் வந்த காட் ஆஃப் வார் விளையாட்டில் சிக்ரூன் என்ற வால்கிரி ராணியின் கையால் நான் செத்த கணக்கு அது.

விளையாடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த விளையாட்டில் ஒன்பது வால்கிரிகள் உண்டு. இறக்கை வைத்த போர்க்காரிகள். எட்டுப் பேரை ஜெயித்தால்தான் ஒன்பதாவதாக சிக்ரூன் வருவாள். மற்ற எட்டுப் பேரின் வித்தைகளும் அவளிடம் இருக்கும். எது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கதையை முடிக்க அவளை ஜெயிக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. விட்டுவிட்டுப் போகலாம். நான் போகவில்லை.

டிஃபிகல்டியை நான் வைத்திருந்தது கீழிருந்து மூன்றாவது படியில். அந்த விளையாட்டில் நான்கு படிகள்: கதை கொடு, சமநிலையான அனுபவம் கொடு, சவால் கொடு, கடைசியாக விளையாட்டின் பெயரையே கொடு. ஏன் சவாலைத் தேர்ந்தெடுத்தேன் என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அந்தத் திரை வரும்போது நான் நாயகனின் கோடாரியைத் தொட்டதுகூட இல்லை. எந்த பட்டன் எதற்கு என்று தெரியாது. எதிரி எப்படி இருப்பான் என்று தெரியாது. அந்த நிலையில் 'உனக்கு எவ்வளவு கஷ்டம் வேண்டும்?' என்று கேட்டால் மனுஷன் என்ன சொல்வான்? தன்னைப் பற்றித் தான் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறானோ அதைச் சொல்வான். நானும் அதைத்தான் சொன்னேன்.

38-வது கோடு போட்ட இரவில் மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. வலது கட்டைவிரல் அடிப்பகுதியில் ஒரு வலி. கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு மெனுவைத் திறந்தேன். செட்டிங்ஸ். ஒரு படி கீழே. 'மாற்றலாமா?' என்று கேட்டது. அந்த ஒரு கேள்விக்கு 'ஆம்' அழுத்த எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். வீட்டில் எல்லோரும் தூக்கம். பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை. இருந்தும் கூச்சம்.

இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று அப்புறம் யோசித்தேன். பாதிக்கு மேல் மெனுக்கள் சொல்லிக்கொடுத்ததுதான். 1992-இல் வந்த வுல்ஃபென்ஸ்டீன் 3டி-யில் இருப்பதிலேயே எளிதான படிக்குப் பெயர், 'அப்பா, நானும் விளையாடட்டுமா?' அதைத் தேர்ந்தெடுத்தால் நாயகன் முகத்துக்குக் குழந்தைத் தொப்பியும் வாயில் சூப்பானும் வந்துவிடும். அடுத்த வருஷம் வந்த டூமில், 'சாகிற வயசா எனக்கு!' நிஞ்சா கைடன் பிளாக்கில் ஆரம்பத்திலேயே சில முறை தொடர்ந்து செத்தால் 'நிஞ்சா நாய்' என்று ஒரு எளிய வழி திறக்கும். அதை ஏற்றுக்கொண்டால் அந்தப் பெரிய வீரன் கையில் ரிப்பன் கட்டிக்கொண்டு அலைய வேண்டும். இதெல்லாம் கிண்டல்தான், தெரியும். சிறுவனாக இருக்கும்போது நானும் ரசித்துச் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தச் சிரிப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, நாற்பது தாண்டிய பிறகு இரவு ஒரு மணிக்கு 'ஆம்' அழுத்த விடாமல் விரலைப் பிடிக்கிறது.

(ஒரே ஒரு கிண்டலை மட்டும் மன்னிக்கிறேன். மெட்டல் கியர் சாலிட் 5-இல் திரும்பத் திரும்பச் செத்தால் ஒரு கோழித் தொப்பி கொடுப்பார்கள். போட்டுக்கொண்டால் எதிரி உங்களைப் பார்த்தாலும் சில முறை கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவான். அவ்வளவு இறுக்கமான ஒரு ராணுவக் கதையில் தாடிக்காரன் ஒருவன் தலையில் கோழியோடு தவழ்ந்து போகிறான். அதைப் போட்டுக்கொண்டு இரண்டு மிஷன் முடித்தேன். வெட்கமே இல்லை.)

சரி, குறைத்த பிறகு என்ன ஆயிற்று? உடனே ஜெயித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கும் தோற்றேன். ஆனால் தோற்ற விதம் வேறு.

சவால் படியில் என் ஒவ்வொரு முயற்சியும் ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. இரண்டு மூன்று அடி, முடிந்தது கதை. எழுந்து, ஓடி, மறுபடியும் முதலிலிருந்து. அதாவது 38 முறையும் சண்டையின் ஆரம்பத்தை மட்டுமே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நடுப்பகுதி எப்படி இருக்கும் என்றே தெரியாது. ஒரு படி குறைத்ததும் அடி வாங்கிவிட்டு உயிரோடு நிற்க முடிந்தது. நிற்க முடிந்ததால் பார்க்க முடிந்தது. அவள் வானத்தில் எழும்பி 'வால்ஹல்லா!' என்று கத்தினால் தலைமேல் வந்து விழப்போகிறாள், கத்தல் காதில் விழுந்ததுமே உருண்டுவிட வேண்டும். சிவப்பு வளையம் தெரிந்தால் கேடயத்தை நம்பாதே, விலகு. மஞ்சள் வளையம் என்றால் சும்மா கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் உடையும், சரியான கணத்தில் தட்டிவிட்டால் தடுக்கலாம். இதெல்லாம் ஏற்கெனவே தெரியும்தான். ஆனால் தெரிவது வேறு, விரலுக்கு வருவது வேறு. விரலுக்கு வரவேண்டுமானால் கொஞ்ச நேரமாவது சாகாமல் இருக்க வேண்டும்.

அந்த வாரக் கடைசியில் அக்கா மகன் வந்திருந்தான். பதினான்கு வயசு. சோபாவில் காலை மடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தான்.

"மாமா, குறைச்சிட்டீங்களா?"

எப்படிடா கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். "அந்த அடிய வாங்கிட்டும் நிக்கிறீங்களே" என்றான். திருடன் மாதிரி மாட்டிக்கொண்ட உணர்வு எனக்கு. அவன் கிண்டல் செய்யவில்லை. இன்னும் இரண்டு முயற்சி பார்த்துவிட்டு, "நீங்க அவ கையப் பாக்கறீங்க மாமா, ரெக்கையப் பாருங்க, அதுதான் முதல்ல அசையுது" என்றான்.

பார்த்தேன். அவன் சொன்னது சரி. கை கிளம்புவதற்கு முன்னால் இறக்கை விரிகிறது, அல்லது மடங்குகிறது, அல்லது முன்பக்கமாகச் சுருள்கிறது. ஒவ்வொன்றும் ஒரு முன்னறிவிப்பு. 38 முறை செத்தவனுக்கு அது கண்ணில் படவே இல்லை. அன்று இரவு அவளை ஜெயித்தேன். சமநிலைப் படியில்தான். மறுபடி சவாலுக்கு ஏற்றி ஜெயித்தேன் என்று முடித்தால் கதை நன்றாக இருக்கும். ஆனால் ஏற்றவில்லை, ஏற்றத் தோன்றவும் இல்லை. அந்த விளையாட்டில் சாதனைக்கான கோப்பைகள் எதுவும் டிஃபிகல்டியைப் பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை என்பது வேறு விஷயம். இருந்திருந்தாலும் ஏற்றியிருப்பேனா, சந்தேகம்தான்.

இதற்குப் பிறகுதான் இந்தப் படிகள் உண்மையில் எதை மாற்றுகின்றன என்று துருவ ஆரம்பித்தேன். ஹார்ட், அதாவது கஷ்டமான படி என்றால் எதிரி புத்திசாலி ஆகிவிடுவான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அப்படி இல்லை. டூமின் மிக எளிதான படி வாங்கும் அடியைப் பாதியாக்குகிறது, எடுக்கும் தோட்டாவை இரட்டிப்பாக்குகிறது. மேலே போகப்போக அதே அறையில் அதிக அரக்கர்களை நிறுத்துகிறது. சிவிலைசேஷன் 6-இல் உச்சிப் படியான டெய்ட்டியில் கணினி அரசர்கள் நம்மைவிடச் சாமர்த்தியமாக யோசிப்பதில்லை. நாம் ஒரு குடியேறிக் கூட்டத்தோடு தொடங்கும்போது அவர்கள் மூன்றோடு தொடங்குகிறார்கள், இப்படிச் சில சலுகைகள்தான். பெருக்கல் வாய்பாடு. அதற்குத்தான் வீரம், கோழைத்தனம் என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறோம்.

அந்த வாய்பாட்டை எழுதுகிறவர்களுக்கும் எது 'நார்மல்' என்று உறுதியாகத் தெரியாது. டெவில் மே க்ரை 3 2005-இல் வந்தபோது அமெரிக்கப் பதிப்பின் நார்மல்தான் ஜப்பான் பதிப்பின் ஹார்ட். ஒரே விளையாட்டு, ஒரே எதிரிகள். ஜப்பானில் ஹார்டில் திணறியவன் கௌரவமாகத் திணறினான். அமெரிக்காவில் நார்மலில் திணறியவன் தன்னையே நொந்துகொண்டான். அடுத்து வந்த சிறப்புப் பதிப்பில் அதைச் சரிசெய்தார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை கசுஹிஸா ஹாஷிமோட்டோவுடையது. கிரேடியஸ் விளையாட்டை வீட்டுக் கன்சோலுக்காக 1986-இல் உருவாக்கியவர்களில் ஒருவர். செய்ததைச் சோதித்துப் பார்க்க வேண்டும், ஆனால் விளையாட்டு அவருக்கே ரொம்பக் கஷ்டமாக இருந்தது. என்ன செய்தார்? தனக்காக ஒரு ரகசியச் சங்கேதம் போட்டுக்கொண்டார். மேல் மேல் கீழ் கீழ், இடம் வலம் இடம் வலம், பி, ஏ. அழுத்தினால் எல்லா ஆயுதமும் கிடைத்துவிடும். அந்தச் சங்கேதம் விற்பனைக்குப் போன விளையாட்டிலும் அப்படியே தங்கிவிட்டது. கொனாமி கோட் என்று உலகமே கொண்டாடுகிறது. செய்தவரே டிஃபிகல்டியைக் குறைத்துக்கொண்டு விளையாடினார் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

இன்னும் பின்னால் போனால் 1977-இன் அடாரி 2600. அதில் டிஃபிகல்டிக்கு மெனுவே கிடையாது. பெட்டியிலேயே இரண்டு சுவிட்ச், இடது ஆட்டக்காரருக்கு ஒன்று, வலது ஆட்டக்காரருக்கு ஒன்று. தெரிந்தவனுக்குக் கஷ்டம், பக்கத்தில் இருக்கும் சின்னவனுக்கு எளிது, இருவரும் ஒரே ஆட்டம். விளக்கு சுவிட்ச் போடுவது மாதிரி ஒரு காரியம். பெயரும் இல்லை, தொப்பியும் இல்லை. எங்கேயோ நடுவில்தான் இது மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

நல்லவேளை, சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள். மலையேறும் விளையாட்டான செலெஸ்ட்டில் உதவி முறை என்று ஒன்று உண்டு. விளையாட்டின் வேகத்தையே பத்துப் பத்துச் சதவீதமாகப் பாதிவரை குறைக்கலாம். என் கட்டைவிரல் வலித்த நாட்களில் 80-இல் வைத்து மலையேறினேன். முட்கள் அப்படியே இருந்தன, பள்ளங்கள் அப்படியே, நான் விழுந்ததும் அப்படியே. ஹேடிஸ் இன்னும் நாசூக்கு. அதன் காட் மோடில் வாங்கும் அடி முதலில் 20 சதவீதம் குறையும். பிறகு ஒவ்வொரு சாவுக்கும் 2 சதவீதம் கூடுதலாகக் குறைந்து, 80 வரை போகும். நீங்கள் எதையும் குறைக்க வேண்டாம், சாவதே குறைத்துக்கொடுக்கும். என் 38 கோடுகளை அந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். 96 வருகிறது. உச்சவரம்பைத் தாண்டியிருப்பேன்.

தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தில் டிஃபிகல்டியை ஐந்தாகப் பிரித்திருக்கிறார்கள்: நாம் வாங்கும் அடி, எதிரிகள், கூட்டாளிகள், ஒளிந்து போவது, கிடைக்கும் பொருட்கள். எனக்கு ஒளிந்து போவது வரும், குறி பார்த்துச் சுடுவது வராது. முதன்முறையாக ஒரு மெனு அந்த வித்தியாசத்தைக் கேட்டது. 2001-லேயே சைலன்ட் ஹில் 2 புதிருக்கு ஒரு படி, சண்டைக்கு ஒரு படி என்று தனித்தனியாகக் கேட்டது. புதிரில் புலியான ஒருவன் சண்டையில் பூனையாக இருக்கலாம் என்பது அப்போதே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

குறைத்துக் கெடுத்ததும் உண்டு, மறைக்கவில்லை. விட்சர் 3-ஐ முதல் தடவை கதைப் படியில் விளையாடினேன். அந்த விளையாட்டின் சாரமே சண்டைக்கு முன் தயாராவதுதான். எந்த அரக்கனுக்கு எந்த எண்ணெயை வாளில் தடவுவது, எந்த மருந்தைக் குடிப்பது என்று படித்துவிட்டுப் போக வேண்டும். நான் இருந்த படியில் அதெல்லாம் தேவைப்படவில்லை. வாளை நாலு வீசு வீசினால் போதும். மூலிகைகள் பைக்குள் கிடந்தன. முப்பது மணி நேரம் கழித்துச் சலிப்பில் மேலே ஏற்றினேன். ஏற்றினால் தியானம் செய்தாலும் உடம்பு தேறாது என்றானது. சாப்பாட்டையும் மருந்தையும் எண்ணி எண்ணிச் செலவழித்தேன். அப்போதுதான் அந்தப் பைக்கு அர்த்தம் வந்தது. ஆக, கீழே போனாலும் மேலே போனாலும் கதவு திறந்தே இருக்க வேண்டும். என் கோபமெல்லாம் பூட்டிய கதவு மேல்தான். கப்ஹெட்டில் எளிய படியில் ஒரு பாஸை, அதாவது ஒரு பெரிய எதிரியை, வென்றால் அவனுடைய ஒப்பந்தம் கைக்கு வராது, கடைசிக் கட்டத்துக்குப் போக முடியாது. உழைப்பு முழுவதும் கணக்கில் இல்லை.

செகிரோவைக் கேட்பீர்கள். படிகளே இல்லாத விளையாட்டு. கோட்டை உச்சியில் கெனிச்சிரோ என்ற எதிரியிடம் தோற்று நின்றுவிட்டேன். எல்லோருக்கும் ஒரே மலை என்ற அவர்கள் முடிவு எனக்குப் புரிகிறது, வாளும் வாளும் மோதும் அந்தத் தாளம் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் ஊர்களை நான் பார்க்கவில்லை. இரண்டும் உண்மைதான், இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நேற்று ஒரு புது விளையாட்டைத் தொடங்கினேன். வழக்கம்போல முதல் கேள்வியே அதுதான், திரையில் மூன்று பெட்டி. அக்கா மகன் போனில் இருந்தான். "எத மாமா எடுக்கப் போறீங்க?" என்றான். நடுவில் இருந்ததை அழுத்திவிட்டு, விளையாட்டு திறந்ததும் முதல் வேலையாக செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தேன். மாற்றலாம் என்று இருந்தது. நோட்டை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன்.