நடுப்புள்ளி

மே 5
கத்திரி தொடங்கிவிட்டது. மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் காலையிலேயே கொதிக்கிறது. இன்றும் குழந்தையைப் பார்க்க அக்காவை மட்டும்தான் உள்ளே விட்டார்கள்.

மே 6
மாமா தன் கேனான் 1500டி கேமராவை என்னிடம் கொடுத்து, "நீதாண்டா எடுக்கணும்" என்றார். எப்போது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாயங்காலம் கோட்டைப் பக்கம் போய்ப் பழகினேன். ஆட்டோ மோடில் விட்டால் ஃபோகஸ் பிடிக்கிற 9 புள்ளிகளில் எதைப் பிடிப்பது என்று கேமராவே முடிவு செய்கிறது, பெரும்பாலும் கிட்டே இருப்பதைத்தான் பிடிக்கிறது. அகழிக் கரைக் கம்பியின் துரு வரைக்கும் பளிச்சென்று இருக்கிறது, கோட்டைச் சுவர் பனிமூட்டம் மாதிரி.

மே 8
நடுப்புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டேன். இந்த மாடலில் அது ஒன்றுதான் கிராஸ் டைப், அதாவது நெடுக்கும் குறுக்கும் போகிற இரண்டு வகைக் கோடுகளையும் பிடிக்கும். கோட்டைச் சுவரில் கல்லும் கல்லும் சேருகிற இடத்தில் வைத்தால் டக்கென்று பீப். வராண்டாவின் வெள்ளைச் சுவரில் வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் கர்ர் கர்ர் என்று தேடிவிட்டுக் கைவிரித்துவிடுகிறது. பிடித்துக்கொள்ள வெளிச்சமும் நிழலும் சேர்கிற ஒரு விளிம்பு வேண்டும் அதற்கு. உள்ளே எல்லாமே வெள்ளைத் துணி என்கிறாள் அக்கா.

மே 9
எடை 30 கிராம் கூடியிருக்கிறதாம். மாமா டீ வாங்கிவருகிறேன் என்று போனவர் வெகுநேரம் வரவில்லை.

மே 11
ஒன் ஷாட் என்கிற ஃபோகஸ் முறையில் பட்டனைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ் பூட்டிக்கொள்கிறது, அப்புறம் ஆள் நகர்ந்தால் போச்சு. ஏஐ சர்வோ என்கிற இன்னொரு முறையில் பீப் வராது, ஆனால் விரலை எடுக்கிற வரைக்கும் துரத்திக்கொண்டே இருக்கும். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நின்று எதிரே வருகிற ஷேர் ஆட்டோக்களை எடுத்துப் பார்த்தேன், சர்வோ சரியாகப் பிடிக்கிறது. நடுவில் ஏஐ ஃபோகஸ் என்று ஒன்று, எப்போது எதற்கு மாறுவது என்று அதுவே முடிவு செய்யுமாம், எனக்கு நம்பிக்கை இல்லை. கையைக் காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறது என்கிறாள் அக்கா, அப்படியானால் சர்வோதான். ஆனால் 50 எம்எம் லென்ஸில் திறப்பை எஃப் 1.8 வைத்து அரை மீட்டரிலிருந்து எடுத்தால் தெளிவாக விழுகிற ஆழம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. கண் தெளிந்தால் மூக்கு மங்கும். திறப்பைச் சுருக்கி எஃப் 4-க்குப் போனால் அந்த ஆழம் இரண்டு மடங்காகும், வெளிச்சம் குறையும். 35 சென்டிமீட்டருக்குள் போனால் இந்த லென்ஸ் பிடிக்கவே பிடிக்காது. அவ்வளவு கிட்டே யார் விடப்போகிறார்கள்?

மே 12
இரவெல்லாம் ஒரே எண்ணம். வெளிச்சம் போதாவிட்டால் இந்தக் கேமரா ஃபோகஸ் தேடுவதற்கே ஃபிளாஷைப் படபடவென்று அடிக்கும், ஆட்டோவில் ஃபிளாஷ் தானாகவே எழும்பியும் விடும். ஃபிளாஷ் கூடவே கூடாது என்று சிஸ்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். விடிவதற்குள் எழுந்து மெனுவில் அந்த உதவி வெளிச்சத்தை அணைத்தேன், டயலையும் ஃபிளாஷ் தானாக எழும்பாத ஏவி மோடுக்குத் திருப்பிவிட்டேன். அப்படியும் மனசு கேட்கவில்லை, இருட்டில் போர்வைக்குள் நாலைந்து தடவை எடுத்துப் பார்த்தேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மே 13
எரிச்சல். மங்கினதெல்லாம் ஃபோகஸ் கோளாறு என்கிறார் மாமா. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே தெரியும்: வேறு ஏதாவது ஓரிடம் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறி விழுந்திருக்கிறது, எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது, தொட்டில் தெளிவாக இருந்து விரல் மட்டும் கரைந்திருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்வை 1600 வைத்து ஷட்டர் வேகம் 1/250 நொடி வருகிறதா பார்க்க வேண்டும். புள்ளி புள்ளியாக வந்தால் வரட்டும்.

மே 14
எடை கூடவில்லை. யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மே 16
நாளைக்குக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்க்கலாமாம்! கண்ணாடியில் விரல் ரேகையோ டியூப்லைட்டோ தெரிந்தால் ஃபோகஸ் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும், லென்ஸைக் கண்ணாடியை ஒட்டிப் பிடிக்க வேண்டும். துடைக்க ஒரு துணி. ஜன்னல் எந்தப் பக்கம் என்று அக்காவிடம் கேட்க வேண்டும், இன்னும் மேலே இருக்கிறாள்