சி.பி.ஏ. உரிமத்துக்கான அனுபவச் சான்று: கையொப்பமிடுபவரை முதலில் முடிவு செய்யுங்கள்

அமெரிக்க சி.பி.ஏ. (சான்று பெற்ற பொதுக் கணக்காளர்) தேர்வின் நான்கு பிரிவுகளிலும் 75-க்குக் குறையாமல் மதிப்பெண் பெற்றுவிட்டால் உரிமமும் கிடைத்துவிட்டதைப் போலவே பலரும் பேசுகிறார்கள். தேர்வுக்குப் பயிற்சி தரும் நிறுவனங்கள் ஏராளம். அதற்குப் பிறகு வரும் பணி அனுபவச் சான்றைப் பற்றி, அதுவும் இந்தியாவிலிருந்தே விண்ணப்பிப்பவர்களுக்கு, விளக்கிச் சொல்பவர்கள் குறைவு. பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் நிதிப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே அந்தச் சான்றைப் பெற்ற அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

உரிமத்தை வழங்குவது அந்தந்த மாநிலத்தின் கணக்கியல் வாரியம் என்பதால், விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. 150 கிரெடிட் (கல்லூரிப் பாட அலகு) படித்தவர்களுக்கு ஓராண்டு அனுபவம், பல இடங்களில் 2,000 மணி நேரம், என்பது பரவலான அளவு. இளநிலைப் பட்டத்தோடு ஈராண்டு அனுபவம் இருந்தால் போதும் என்ற மாற்று வழியை ஓஹியோ உள்ளிட்ட பல மாநிலங்கள் அண்மையில் சட்டமாக்கியுள்ளன. கலிஃபோர்னியாவில் கணக்கியல், வரி போன்ற பொது அனுபவத்தைக் கொண்டே உரிமம் பெறலாம். தணிக்கை அறிக்கையில் கையொப்பமிடும் அதிகாரமும் வேண்டுமென்றால், அதற்குரிய பணியில் 500 மணி நேரத்தைத் தனியாகக் காட்ட வேண்டும்.

மணிக்கணக்கு எப்படியும் சேர்ந்துவிடும். சிக்கல் கையொப்பத்தில்தான் இருக்கிறது. செயல்பாட்டிலுள்ள சி.பி.ஏ. உரிமம் வைத்திருப்பவரே பொதுவாகச் சான்றளிக்க முடியும். உங்கள் மேலாளர் இருபது ஆண்டு அனுபவமுள்ள இந்தியப் பட்டயக் கணக்காளராக இருந்தாலும், பல வாரியங்களுக்கு அவருடைய கையொப்பம் மட்டும் போதாது. சில வாரியங்கள் சான்றளிக்கும் சி.பி.ஏ. உங்கள் நேரடி மேற்பார்வையாளராகவே இருந்திருக்க வேண்டும் என்கின்றன. வேறு சில, உங்கள் பணியை ஆராய்ந்து உறுதி சொல்லக்கூடிய சி.பி.ஏ. ஒருவர் இருந்தால் ஏற்றுக்கொள்கின்றன. ஆகவே நண்பர்கள் விண்ணப்பித்த மாநிலத்துக்கே நாமும் விண்ணப்பிப்பதைவிட, நமக்குக் கையொப்பமிடக்கூடியவர் யார் என்பதை முதலில் தெரிந்துகொண்டு, அவரை ஏற்கும் மாநிலத்தைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம். அவருடைய உரிமம் நடப்பில் உள்ளதா என்பதை, மாநிலக் கணக்கியல் வாரியங்களின் தேசியச் சங்கமான நாஸ்பா அமைப்பின் சி.பி.ஏ. வெரிஃபை தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். பதவி உயர்ந்த பிறகு உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்ட மேலாளர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

கேட்டால் சார் கையொப்பம் போட்டுக் கொடுத்துவிடுவார் என்ற நம்பிக்கை நம்மிடையே கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. ஆனால் அவர் எழுதிக் கொடுப்பது மனிதவளத் துறை தரும் வழக்கமான அனுபவக் கடிதத்தைப் போன்றதன்று. அதில் உள்ளது தவறெனத் தெரியவந்தால் அவருடைய உரிமத்தின் மீதே வாரியம் நடவடிக்கை எடுக்கலாம். அவர் தயங்குவது நியாயம்தான். அந்தத் தயக்கத்தைப் போக்கும் வழி, மாதந்தோறும் நீங்கள் எழுதிவைக்கும் பணிக் குறிப்பு. 'மாத இறுதிப் பணிகள்' என்று எழுதினால் எதுவும் விளங்காது; எந்த வகை நிறுவனத்தின் எந்தக் கணக்குகளைச் சரிபார்த்தீர்கள், வேறுபாட்டைக் கண்டபோது எந்தக் கணக்கியல் விதியைக் கொண்டு முடிவெடுத்தீர்கள், அதை அவர் எப்போது பார்வையிட்டார் என்பவை இருக்க வேண்டும். வாடிக்கையாளரின் பெயரையோ தொகையையோ அதில் சேர்க்க வேண்டாம். நான் ஒவ்வொரு காலாண்டின் குறிப்பையும் மேலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, திருத்தம் இருந்தால் சொல்லும்படி கேட்டுக்கொள்வேன். படிவம் நிரப்பும் வேளையில் அவர் நினைவைக் கிளற வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

வேலை மாறுபவர்கள், அல்லது மேலாளர் மாறிச் செல்வதை அறிந்தவர்கள், அதுவரையிலான காலத்துக்குச் சான்று பெற முடியுமா என்று வாரியத்திடம் கேட்டுக்கொண்டு, அவர் போவதற்கு முன்பே அதைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

உடன் பணிபுரிவோரில் சி.பி.ஏ. எவருமே இல்லாதவர்களுக்காக நாஸ்பா அமைப்பே அனுபவத்தைச் சரிபார்க்கும் சேவை ஒன்றைக் கட்டணத்துக்கு நடத்துகிறது. அமெரிக்க ஆட்சிப் பகுதியான குவாம் தீவின் வாரியம் அதை ஏற்கிறது. எல்லா வாரியங்களும் ஏற்பதில்லை என்பதால், பணம் கட்டுவதற்கு முன் உங்கள் வாரியத்திடமிருந்து எழுத்துபூர்வமான பதிலைப் பெற்றுக்கொள்ளுங்கள். நிரப்பிய படிவத்தைச் சான்றளிப்பவரே வாரியத்துக்கு நேரடியாக அனுப்ப வேண்டுமா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடலாம்.